கைப்பேசியிலேயே இன்வாய்ஸுக்குப் பணம்: லிங்க்கா, கியூஆரா, வங்கிக் கணக்கா, தானாகப் பிடித்தமா?

ஃப்ரீலான்சர்களின் இன்வாய்ஸ்கள் பெரும்பாலும் கணினித் திரையில் தயாராகின்றன, படிக்கப்படுவதோ கைப்பேசியில். ஏ4 அளவு பிடிஎஃப்பை கிளையன்ட் பயணத்திலோ இரண்டு கூட்டங்களுக்கு நடுவிலோ திறக்கிறார். விரலால் பெரிதாக்கி, கீழ் மூலையில் இருக்கும் கணக்கு எண்ணைத் தேடுகிறார். நகலெடுக்கப் பார்த்தால் பாதி வரிதான் தேர்வாகிறது, அல்லது அது எழுத்தாகவே இல்லை, படமாக இருக்கிறது. வங்கிச் செயலிக்குப் போய் முதல் நான்கு இலக்கங்களை அடித்துவிட்டு, மீதியைப் பார்க்க மெயிலுக்குத் திரும்புகிறார். அதற்குள் வங்கிச் செயலி பாதுகாப்புக்காகத் தன்னைப் பூட்டிக்கொள்கிறது. "ஆபீஸ் போய்ப் பார்த்துக்கலாம்" என்று போனை வைத்துவிடுகிறார். தாமதமாகும் இன்வாய்ஸ்களில் ஒரு பங்கு கொடுக்க மனமில்லாமல் தாமதமாவதில்லை, இப்படி வைத்துவிட்டு மறந்ததால் தாமதமாகிறது.

இதைச் சரிசெய்ய ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இன்வாய்ஸில் அடுக்கிவைப்பதுதான் பலர் செய்வது. அது உதவாது, ஏனென்றால் ஒவ்வொரு வழியும் வேறு ஒரு சூழலுக்கானது. தேர்வு செய்யும்போது ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்: கிளையன்ட் எத்தனை முறை தட்ட வேண்டும், உங்கள் கையிலிருந்து எவ்வளவு கழிகிறது, பணம் எப்போது வந்து சேருகிறது, வந்த பணத்தைத் திரும்ப இழுக்க முடியுமா, வந்தது எந்த இன்வாய்ஸுக்கு என்று உங்களுக்குத் தெரியுமா. கடைசி இரண்டும்தான் பெரும்பாலும் கவனத்தில் வராதவை.

முதலில்: பணத்தை அனுப்புபவர் யார்?

கிளையன்ட் தனிநபர் அல்லது சிறு நிறுவனத்தின் உரிமையாளர் என்றால், இன்வாய்ஸைப் படிப்பவரும் பணம் அனுப்புபவரும் ஒரே ஆள். இவருக்குத்தான் கைப்பேசி வழி உண்மையில் பயன்படும்.

பெரிய நிறுவனம் என்றால் நிலைமை வேறு. உங்களோடு பேசுபவர் ஒப்புதல் கொடுப்பார், கணக்குப் பிரிவு வேறொரு நாளில் மொத்தமாகப் பணம் அனுப்பும். பெரும்பாலும் இரண்டு பேர் கையொப்பம் தேவைப்படும். அவர்களுக்கு கார்டு லிங்க் அனுப்பினால் அதைத் தட்ட யாருக்கும் அதிகாரம் இருக்காது. அங்கே வேண்டியது ஆர்டர் எண், வரிப் பதிவு எண், வங்கி விவரம் மூன்றும் முதல் பக்கத்திலேயே இருப்பதும், உங்கள் தொடர்பாளர் போனிலிருந்தே "சரி, அனுப்பலாம்" என்று முன்னகர்த்தக்கூடிய ஒற்றை மெயிலும்தான். அவர்களுக்காகப் பேமென்ட் கேட்வேயில் (கார்டு, வாலட் வழிப் பணத்தை வாங்கி உங்களிடம் சேர்க்கும் இணையச் சேவை) நேரம் செலவழிக்காதீர்கள். இனி வருவதெல்லாம் முதல் வகை கிளையன்டைப் பற்றியது.

பேமென்ட் லிங்க்

தட்டல் எண்ணிக்கையில் இதை வெல்வது கடினம். மெசேஜில் இருக்கும் லிங்க்கைத் தட்டினால் தொகை நிரப்பப்பட்ட பக்கம் திறக்கிறது; ஆப்பிள் பே அல்லது கூகுள் பே பொத்தானைத் தட்டி, முகமோ விரலோ காட்டினால் முடிந்தது. வாலட் இல்லாதவர் கார்டு எண்ணை அடிக்க வேண்டும். 16 இலக்க எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று இலக்கம், அதன்பின் ஓடிபி. அதுவே கணிசமான வேலை. எனவே கேட்வேயைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி, அதன் பக்கத்தில் வாலட் பொத்தான்கள் வருமா என்பது. இரண்டாவது, கணக்குத் தொடங்காமல் விருந்தினராகவே பணம் கட்ட முடியுமா என்பது. "முதலில் பதிவு செய்யுங்கள்" என்று கேட்கும் பக்கம் லிங்க்கின் பயனையே கெடுத்துவிடும்.

லிங்க்கை உருவாக்கும்போது கவனிக்க வேண்டியவை பல. தொகையை நீங்களே நிரப்பிப் பூட்டிவிடுங்கள். கிளையன்ட் தொகையை அடிக்கும் திறந்த லிங்க்கில் ஒரு பூஜ்ஜியம் கூடும் அல்லது குறையும். குறிப்புப் பகுதியில் இன்வாய்ஸ் எண்ணைப் போடுங்கள், அது ரசீதிலும் உங்கள் அறிக்கையிலும் வருகிறதா என்று பாருங்கள். ஒரு முறை மட்டும் பயன்படும் லிங்க்காக அமையுங்கள். காரணம் இதுதான்: கார்டு சரிபார்ப்புக்காக கிளையன்ட் ஓடிபி பார்க்கவோ வங்கிச் செயலியில் ஒப்புதல் தரவோ வெளியே போய்த் திரும்பும்போது, கைப்பேசி நினைவகம் குறைவாக இருந்தால் உலாவி அந்தப் பக்கத்தை மறுபடி ஏற்றும். பணம் போயிற்றா இல்லையா என்று தெரியாமல் அவர் இன்னொரு முறை கட்டுவார். ஒருமுறை லிங்க் என்றால் "ஏற்கெனவே செலுத்தப்பட்டது" என்று வரும். பலமுறை லிங்க் என்றால் இரண்டு தொகை வரும், பிறகு ரிஃபண்ட், அதற்குக் கட்டணம், அதற்கு விளக்கம்.

காலாவதித் தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. சில சேவைகள் லிங்க்குக்குத் தாமாகவே குறுகிய ஆயுள் வைக்கின்றன. தாமதமாகக் கட்ட வருபவரைத்தான் நீங்கள் முக்கியமாகப் பிடிக்க வேண்டும். அவர் தட்டும்போது "இந்த லிங்க் காலாவதியாகிவிட்டது" என்று வந்தால் இன்னொரு வாரம் போகும். கெடு தேதிக்குப் பிறகு குறைந்தது 30 நாளாவது லிங்க் உயிரோடு இருக்கட்டும்.

கிளையன்ட் வரியைப் பிடித்தம் செய்துவிட்டு மீதியை அனுப்பும் சட்டம் உள்ள இடங்களில், பூட்டிய முழுத்தொகை லிங்க் வேலைக்கு ஆகாது. பிடித்தம் போக வரவேண்டிய தொகைக்கு லிங்க் போட்டு, இன்வாய்ஸில் மொத்தம், பிடித்தம், நிகரம் மூன்றையும் தனி வரிகளில் காட்டுங்கள்.

வாலட் பொத்தான் சில சமயம் கணினியில் தெரியும், கிளையன்ட் போனில் தெரியாது. மெயில் செயலிகளும் சமூக ஊடகச் செயலிகளும் லிங்க்கைத் தங்களுக்குள்ளேயே ஒரு குட்டி உலாவியில் திறப்பது ஒரு காரணம். அதில் வாலட் வேலை செய்யாமல் போகலாம், சேமித்த கார்டு விவரங்களும் வராது. இன்னொரு காரணம், பணம் கட்டும் பக்கத்தை உங்கள் சொந்த இணையதளத்தில் வைத்திருப்பது. ஆப்பிள் பே அங்கே தோன்ற அந்தத் தள முகவரியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கேட்வேயின் சொந்தப் பக்கத்துக்கே போகும் லிங்க் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு ஆள் நடத்தும் தொழிலுக்கு அதுவே போதும்.

இனி விலை. கார்டு வழிக் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் 2 முதல் 3 சதவீதமும், பரிமாற்றத்துக்கு ஒரு சிறு நிலையான தொகையும் சேர்ந்து வரும். வெளிநாட்டு கார்டு, நாணய மாற்று என்றால் அதற்கு மேல் இன்னும் கூடும். 3 சதவீதம் என்று வைத்தால் 1,000 மதிப்புள்ள இன்வாய்ஸில் 30 போகிறது. நினைவூட்டல் மெயில் ஒன்று எழுதும் நேரத்தைவிட அது மலிவு. 50,000 இன்வாய்ஸில் 1,500 போகிறது. அதற்கு நான்கு நினைவூட்டலும் ஒரு தொலைபேசி அழைப்பும் செய்யலாம். ஆகவே லிங்க்குக்கு உங்களுக்கென்று ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வங்கிப் பரிமாற்றம் முதன்மை, லிங்க் கேட்டால் மட்டும். இந்தக் கட்டணத்தை கிளையன்ட் தலையில் தனி வரியாகப் போடுவது பல நாடுகளில் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜனவரி 13 முதல் தனிநபர் கார்டுகளுக்கு அப்படிக் கூடுதல் கட்டணம் வசூலிக்கத் தடை. உங்கள் வேலைக்கான விலையிலேயே அதைச் சேர்த்துவிடுவதுதான் எங்கும் செல்லுபடியாகும் வழி.

பணம் உடனே கைக்கு வரும் என்றும் எண்ண வேண்டாம். வழக்கமாக இரண்டு மூன்று வேலை நாள் ஆகும். புதுக் கணக்கில் முதல் தொகையைச் சில சேவைகள் ஒரு வாரத்துக்கு மேல்கூட வைத்திருக்கும். சிறு தொகைகளாக வந்துகொண்டிருந்த கணக்கில் திடீரென்று பத்து மடங்குத் தொகை வந்தால் சரிபார்ப்புக்காக நிறுத்திவைப்பதும் உண்டு. பெரிய இன்வாய்ஸ் வரப்போகிறது என்றால் அடையாள ஆவணங்களை முன்பே பதிவேற்றி முடித்துவிடுங்கள்.

அடுத்து சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை கிளையன்ட் தன் வங்கியிடம் புகார் செய்து திரும்பப் பெறுவது. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலான தகராறுகளுக்கு 120 நாள் அவகாசம் உண்டு. சேவை கிடைக்கவில்லை என்ற புகாரில் அந்த எண்ணிக்கை சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்துகூடத் தொடங்கலாம். ஓடிபி அல்லது வங்கிச் செயலி ஒப்புதலோடு நடந்த பரிமாற்றத்தில் "இதை நான் செய்யவே இல்லை" என்ற மோசடிப் புகாரின் பொறுப்பு பொதுவாக கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்விடும். "வேலை சரியில்லை" என்ற புகாருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே உங்களைக் காப்பது காகிதம்தான்: ஒப்புக்கொண்ட வேலையின் பட்டியல், கோப்பு ஒப்படைத்த தேதி, "நன்றாக இருக்கிறது" என்று கிளையன்ட் எழுதிய மெயில். கார்டில் பணம் வாங்குபவர் இந்த மூன்றையும் இன்வாய்ஸ் எண்ணோடு ஒரே கோப்புறையில் வைக்க வேண்டும்.

வங்கிப் பரிமாற்றத்தை விரலுக்கு ஏற்றதாக்குவது

செலவு ஏறத்தாழ இல்லை. போன பணத்தை கிளையன்ட் தன்னிச்சையாகத் திரும்ப இழுக்க முடியாது. தொகை எவ்வளவு பெரிதானாலும் பொருந்தும். குறை ஒன்றுதான், தட்டச்சு. அதையும் பெருமளவு குறைக்கலாம். எந்தச் சேவையிலும் பதிய வேண்டாம் என்பதால், பணம் வாங்கும் முறையை இன்றே மாற்ற நினைப்பவர் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

கணக்கு விவரத்தை பிடிஎஃப்பில் மட்டும் வைக்காமல் மெசேஜிலேயே எழுத்தாக எழுதுங்கள். ஒவ்வொரு விவரமும் தனி வரியில் இருக்கட்டும். இன்னும் நல்லது, கணக்கு எண்ணை மட்டும் தனி மெசேஜாக அனுப்புவது. வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் அழுத்திப் பிடித்தால் முழு மெசேஜும் நகலாகும். அதில் எண்ணைத் தவிர வேறெதுவும் இல்லை என்றால் வெட்டி ஒட்டும் வேலையே கிடையாது. "கணக்கு எண்:" என்ற முன்னொட்டைக்கூட அந்த மெசேஜில் போடாதீர்கள்.

எண்ணை நான்கு நான்காகப் பிரித்து எழுதுவது படிக்க அழகு, ஒட்ட ஆபத்து. பல வங்கிச் செயலிகள் இடைவெளியை நீக்கிவிடும்; சில செயலிகள் எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து வால் பகுதியை வெட்டிவிடும். 22 எழுத்துள்ள ஐபேன் எண் (ஐரோப்பா உள்ளிட்ட பல நாடுகளில் உள்ள சர்வதேச வடிவக் கணக்கு எண்) ஐந்து இடைவெளியோடு 27 ஆகிவிடும். ஐபேனில் சரிபார்ப்பு இலக்கங்கள் இருப்பதால் வெட்டுப்பட்டால் செயலி பெரும்பாலும் கண்டுபிடித்துச் சொல்லும். அத்தகைய சரிபார்ப்பு இல்லாத உள்நாட்டுக் கணக்கு எண் என்றால் தவறான எண்ணும் ஏற்கப்பட்டுவிடலாம்.

கணக்கின் பெயர் வங்கியில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். பிரிட்டனில் பெரிய வங்கிகள் 2020 முதலே பெறுபவர் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் 9 முதல் அது கட்டாயம். கணக்கு உங்கள் சொந்தப் பெயரிலும், இன்வாய்ஸ் உங்கள் ஸ்டுடியோ பெயரிலும் இருந்தால் கிளையன்ட் திரையில் "பெயர் பொருந்தவில்லை" என்ற எச்சரிக்கை வரும். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்த பிறகு யாரும் பொத்தானைத் தட்ட மாட்டார்கள், தட்டவும் கூடாது. இன்வாய்ஸிலேயே "பணம் பெறும் கணக்கின் பெயர்" என்று தனியாகக் குறிப்பிடுங்கள்.

பலர் யோசிக்காத ஒன்று, புதிய பெறுநரைச் சேர்க்கும் தடை. பல வங்கிகள் புதிதாகச் சேர்த்த கணக்குக்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ பணம் அனுப்ப விடாது, அல்லது முதல் நாளில் சிறு தொகைதான் அனுப்ப விடும். கைப்பேசிச் செயலியின் தினசரி வரம்பு இணைய வங்கியைவிடக் குறைவாக இருப்பதும் சகஜம். கிளையன்ட் கெடு தேதி மாலையில் உட்கார்ந்தால் இரண்டிலும் மாட்டிக்கொள்வார். ஆகவே வங்கி விவரத்தை இன்வாய்ஸோடு முதன்முறையாக அனுப்பாதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே அனுப்பி, பெறுநராகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்பணம் வாங்குவதாக இருந்தால் வேலை தானே நடந்துவிடும்: சிறு முன்பணத்தில் எண், பெயர், வரம்பு எல்லாம் சோதிக்கப்பட்டுவிடும், பெரிய இறுதித் தொகை வரும்போது கிளையன்ட் பட்டியலில் உங்கள் பெயர் ஏற்கெனவே இருக்கும்.

குறிப்பு வரியில் இன்வாய்ஸ் எண் மட்டும் போதும். பிரிட்டனின் உடனடிப் பரிமாற்றத்தில் குறிப்புக்கு 18 எழுத்துதான். யூரோ பரிமாற்றத்தில் 140 வரை போகலாம். எந்த நாட்டிலும் உடையாமல் போக, இன்வாய்ஸ் எண்ணை எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்து பத்து எழுத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாய்கோடு, சங்கேதக் குறிகள் சில வங்கிகளில் நிராகரிக்கப்படும், சிலவற்றில் சத்தமில்லாமல் நீக்கப்படும்.

நாடு கடந்து வரும் பணத்தில் தனிச் சிக்கல்: நடுவில் உள்ள வங்கிகள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வதால் இன்வாய்ஸில் உள்ளதைவிடக் குறைவாக வரும். கட்டணத்தை அனுப்புபவரே ஏற்கும் தெரிவு கைப்பேசிச் செயலியில் பெரும்பாலும் ஆழத்தில் ஒளிந்திருக்கும். கிளையன்டின் நாட்டிலேயே உள்ளூர்க் கணக்கு எண் தரும் சேவைகள் உண்டு. அடிக்கடி ஒரே நாட்டிலிருந்து பணம் வந்தால் அது இருவருக்கும் எளிது.

மோசடியையும் இங்கே சொல்லியாக வேண்டும். மெயிலை இடைமறித்து வங்கி விவரத்தை மாற்றுவது உலகம் முழுக்க நடக்கும் இன்வாய்ஸ் மோசடி. "எங்கள் கணக்கு எண் மாறினால் மெயிலில் மட்டும் சொல்ல மாட்டோம், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள்" என்ற வரியை ஒப்பந்தத்திலேயே வையுங்கள்.

கியூஆர்: எந்தத் திரையில், எந்தக் கேமராவில்?

கியூஆர் போட்டால் கைப்பேசியில் கட்டுவது எளிதாகிவிடும் என்பது பாதி உண்மை. இன்வாய்ஸ் காகிதத்திலோ கணினித் திரையிலோ இருந்து, கையில் போன் இருந்தால் அது அருமை. இன்வாய்ஸே போனில் திறந்திருந்தால்? தன் கேமராவால் தன் திரையைப் பிடிக்க முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வங்கிச் செயலியைத் திறந்து, கேலரியிலிருந்து படம் தேர்ந்தெடுத்து… இதற்குக் கணக்கு எண்ணை ஒட்டுவதே தேவலை. கேலரிப் படத்தை ஏற்காத வங்கிச் செயலிகளும் இருக்கின்றன. கியூஆர் போடும் இடத்திலெல்லாம் அதே செயலைச் செய்யும் லிங்க்கோ நகலெடுக்கும் எழுத்தோ பக்கத்தில் இருக்க வேண்டும். பிரேசில் மத்திய வங்கி 2020 நவம்பரில் தொடங்கிய பிக்ஸ் முறை இதை நன்றாகக் கையாள்கிறது. கியூஆருக்குள் இருக்கும் அதே குறியீட்டை நீண்ட எழுத்துச் சரமாக நகலெடுத்து வங்கிச் செயலியில் ஒட்டலாம்.

எந்த வகைக் கியூஆர் என்பதும் முக்கியம். இணைய முகவரி கொண்ட கியூஆரை எந்தக் கேமராவும் திறக்கும். ஐரோப்பாவில் யூரோ பரிமாற்றத்துக்கு உள்ள பொதுத் தரக் கியூஆர் வெறும் எழுத்து வரிகள். சாதாரணக் கேமராவில் காட்டினால் புரியாத எழுத்துதான் தெரியும், வங்கிச் செயலிக்குள் உள்ள ஸ்கேனரில் காட்டினால்தான் பெயர், ஐபேன், தொகை, குறிப்பு நிரம்பும். எனவே அதன் அடியில் "வங்கிச் செயலியில் ஸ்கேன் செய்யவும்" என்று எழுதாவிட்டால் "கியூஆர் வேலை செய்யவில்லை" என்ற புகார் நிச்சயம். சுவிட்சர்லாந்தில் 2022 செப்டம்பர் இறுதியோடு பழைய பணச் சீட்டுகள் செல்லாமல் போய், கியூஆர் பில்லே வழக்கமானது. அங்கே அளவு 46-க்கு 46 மில்லிமீட்டர், நடுவில் சுவிஸ் சிலுவை என்று எல்லாமே வரையறுக்கப்பட்டவை. நீங்களாக அழகுபடுத்த இடமில்லை.

இந்தியாவின் யூபிஐயில் வேறு வகைத் தடுமாற்றம். தொகையும் குறிப்பும் நிரப்பிய யூபிஐ முகவரியை அப்படியே மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒட்டினால் அது தட்டக்கூடிய லிங்க்காக மாறாது. சாதாரண இணைய முகவரிகளை மட்டுமே அந்தச் செயலிகள் லிங்க்காக்குகின்றன. நடுவில் ஓர் இணையப் பக்கம் வைத்து அதிலுள்ள பொத்தான் வழியாகத்தான் செயலியைத் திறக்க முடியும். ஆண்ட்ராய்டில் எந்தச் செயலி என்று தேர்வுப் பட்டியல் வரும். ஐபோனில் அது வராது, இருக்கும் செயலிகளில் ஏதோ ஒன்று திறந்துகொள்ளும். அது கிளையன்ட் பயன்படுத்தாத செயலியாகவும் இருக்கலாம்.

படம் உடைவதற்கான காரணங்கள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். சுற்றிலும் நான்கு கட்ட (கியூஆரில் உள்ள சிறு சதுரங்கள்) அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும். வடிவமைப்புக்காகச் சுற்றிச் சட்டம் போட்டு நெருக்கினால் ஸ்கேன் ஆகாது. நடுவில் லோகோ வைத்தால் அது குறியீட்டின் ஒரு பகுதியைத் தின்கிறது. ஒரு பகுதி சேதமானாலும் படிக்க உதவும் பிழைதிருத்த நிலைகள் நான்கில் அடிமட்டம் சுமார் 7 சதவீதச் சேதத்தையும் உச்சம் 30 சதவீதத்தையும் தாங்கும், ஆனால் நிலை உயர உயரக் கட்டங்கள் பெருகிச் சிறுத்துவிடும். லோகோவை விட்டுவிடுவது நல்லது. இருள் பயன்முறையில் பிடிஎஃப்பைத் தலைகீழ் நிறத்தில் காட்டும் செயலிகளில் கறுப்பு வெள்ளையாகி, சில ஸ்கேனர்கள் திணறும். வெள்ளைப் பின்னணியோடு படமாகப் பதித்தாலும் சில செயலிகள் அதையும் புரட்டிவிடும். படத்தைச் சிறிதாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அழுத்தத்தில் மங்கும். அச்சில் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

வங்கிச் செயலியை நேரே திறக்கும் லிங்க்

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஓப்பன் பேங்கிங் விதிகள் (வாடிக்கையாளர் ஒப்புதலோடு வேறு சேவைகள் அவரது வங்கிக் கணக்கை அணுக விடுபவை) வந்தபின் பரவிய வழி இது. லிங்க்கைத் தட்டி வங்கியைத் தேர்ந்தெடுத்தால், பெறுநரும் தொகையும் குறிப்பும் நிரம்பிய நிலையில் அவரது வங்கிச் செயலியே திறக்கும். ஒப்புதல் மட்டும் மிச்சம். கார்டைவிடக் கட்டணம் குறைவு, சார்ஜ்பேக் கிடையாது, தட்டச்சும் இல்லை. கார்டு லிங்க்கின் எளிமையும் வங்கிப் பரிமாற்றத்தின் மலிவும் சேர்ந்தது என்பதால், கிடைக்கும் நாட்டில் நடுத்தரத் தொகைகளுக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும். பெரிய தொகையில் வங்கியின் கைப்பேசி வரம்பு இங்கும் குறுக்கே வரும். கிரெடிட் கார்டில் கட்டிப் பின்னால் செலுத்த நினைப்பவருக்கு இது பிடிக்காது.

மாதாந்திர வேலைக்குத் தானாகப் பிடித்தம்

மாதம்தோறும் ஒரே கிளையன்டிடம் ஒரே மாதிரித் தொகை வாங்குபவர் லிங்க்கை மெருகேற்றிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஒரே ஒரு முறை கைப்பேசியில் மேண்டேட்டுக்கு, அதாவது நீங்கள் தானாகப் பணம் பிடித்துக்கொள்ளும் அனுமதிக்கு, ஒப்புதல் வாங்கிவிட்டால் அதன்பின் தட்டலே கிடையாது.

இரண்டு வழி உண்டு: சேமித்த கார்டு, வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பிடித்தம். கார்டு உடனே வெற்றி தோல்வியைச் சொல்லிவிடும். ஆனால் காலாவதி, தொலைந்து மாற்றிய கார்டு, வரம்பு என்று அவ்வப்போது தோற்கும். வங்கிப் பிடித்தம் மலிவு, வங்கிக் கணக்கு எளிதில் மாறாது. ஆனால் பணம் வர நாளாகும், தோல்வியும் தாமதமாகத்தான் தெரியும். யூரோ நாடுகளின் நேரடிப் பிடித்தத்தில், வேறு நாள் ஒப்புக்கொள்ளாவிட்டால் 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். தனிநபர் கிளையன்ட் 8 வாரத்துக்குள் காரணமே சொல்லாமல் பணத்தைத் திரும்பப் பெறலாம், ஒப்புதலே இல்லாத பிடித்தம் என்றால் 13 மாதம் வரை. நிறுவனங்களுக்கு இடையிலான தனித் திட்டத்தில் அந்த 8 வார உரிமை இல்லை.

மாதாமாதம் தொகை மாறும் வேலை என்றால் ஒப்பந்தத்தில் ஓர் உச்சத் தொகை எழுதிக்கொள்ளுங்கள். அதைத் தாண்டும் மாதத்தில் தனியாகக் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். கேட்காமல் இரண்டு மடங்கு பிடித்தீர்கள் என்றால் கிளையன்ட் வங்கியில் மேண்டேட்டையே ரத்து செய்வார். பணமில்லாமல் பிடித்தம் தோற்றால் மறுநாளே திரும்பத் திரும்ப முயற்சிக்க வேண்டாம், சில வங்கிகள் ஒவ்வொரு தோல்விக்கும் கிளையன்டிடம் அபராதம் வாங்கும். ஒரு மெசேஜ் அனுப்பி நாள் கேட்டுக்கொண்டு முயலுங்கள்.

தொலைபேசியில் கார்டு எண் சொல்வது

"நான் எண்ணைச் சொல்கிறேன், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் கிளையன்ட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவருக்கு அது எளிது, உங்களுக்கு அது பொறுப்பு. அப்படி அடித்த பரிமாற்றத்தில் ஓடிபி சரிபார்ப்பு நடப்பதில்லை, எனவே மோசடிப் புகாரின் சுமை உங்கள் மீதே விழும். எண்ணைத் தாளில் எழுதினாலும் வாட்ஸ்அப்பில் வாங்கினாலும் கார்டுத் துறையின் பாதுகாப்பு விதிகளுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறீர்கள். பின்பக்க மூன்று இலக்கத்தைப் பரிமாற்றத்துக்குப் பின் எந்த வடிவிலும் சேமிக்கவே கூடாது. அழைப்பில் இருக்கும்போதே லிங்க்கை அனுப்பிவிட்டு, "இப்போது வந்திருக்கும், தட்டுங்கள், நான் லைனில் இருக்கிறேன்" என்று சொல்வது நடைமுறையில் அதே வேகத்தில் முடியும்.

மெசேஜை எப்படி எழுதுவது

எந்த வழியைத் தேர்ந்தாலும் பிடிஎஃப்பைத் திறக்காமலே பணம் கட்ட முடிய வேண்டும். பூட்டிய திரையின் அறிவிப்பில் தெரியும் முதல் இரண்டு வரியிலேயே தொகையும் கெடுவும் இருக்கட்டும். மாதிரிக்கு:

"இன்வாய்ஸ் 2041, தொகை 18,000, கெடு ஜூன் 14.
பணம் கட்ட: (லிங்க்)
வங்கி வழி அனுப்புவதானால் கணக்கு எண் அடுத்த மெசேஜில். குறிப்பில் 2041 என்று போடவும்.
முழு இன்வாய்ஸ் இணைப்பில்."

முதன்மை வழி ஒன்று, மாற்று வழி ஒன்று. மூன்றாவது வேண்டாம். லிங்க்கைச் சுருக்கும் சேவைகளைப் பயன்படுத்தாதீர்கள். என்னவென்று தெரியாத குட்டி லிங்க்கைத் தட்டிப் பணம் கட்டக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. எந்தச் சேவையின் பெயரில் லிங்க் வரும், கார்டு அறிக்கையில் எந்தப் பெயர் தெரியும் என்பதை ஒப்பந்தத்தின்போதே சொல்லிவிடுங்கள். அறிக்கையில் அறியாத பெயரைப் பார்த்துச் செய்யப்படும் சார்ஜ்பேக்குகள் இதனால் குறையும். நினைவூட்டலில் பழைய மெயிலைத் தேடச் சொல்லாமல் அதே லிங்க்கை மறுபடி ஒட்டுங்கள்.

அனுப்பத் தொடங்குமுன் ஒரு முறை முழுப் பாதையையும் நடத்திப் பாருங்கள். உங்கள் கார்டால் உங்களுக்கே கட்டுவதைப் பல கேட்வேக்கள் விதிப்படி தடைசெய்கின்றன, எனவே நண்பர் ஒருவரைக் கேளுங்கள். அவர் ஆண்ட்ராய்டு, நீங்கள் ஐபோன் என்றால் இன்னும் நல்லது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில், மெயில் செயலிக்குள்ளிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் தனித்தனியாகத் திறக்கச் சொல்லுங்கள். வாலட் பொத்தான் வருகிறதா, ஓடிபி பார்த்துத் திரும்பும்போது பக்கம் நிற்கிறதா, ரசீதில் இன்வாய்ஸ் எண் இருக்கிறதா, உங்கள் அறிக்கையில் அதே எண் வருகிறதா என்று பாருங்கள். சோதனைத் தொகை கேட்வே அனுமதிக்கும் மிகச் சிறியதாக இருக்கட்டும். ரிஃபண்ட் செய்தாலும் பல சேவைகள் முதலில் பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை.